மணவறையில் ஒரு டிராப்

எங்கள் பக்கத்தில் பொருள் எதுவும் விழுவதில்லை. டிராப் ஆகிறது. கரண்டி டிராப் ஆகும், செல்போன் டிராப் ஆகும், மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு ஷீட்டுக் கூரையின் மேல் டிராப் ஆகும். வல்லம் வடகாலில் கம்பெனிகள் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளிடம் இது இங்கிலீஷ் வார்த்தை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷில் எனக்குத் தடங்கல் இல்லாமல் வாயில் வரும் வினைச்சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அந்த வார்த்தை என் கல்யாணத்துக்கு வந்து மணவறை வரைக்கும் ஏறிற்று. கேட்கிறவர்களின் கல்யாணத்துக்கு அது வந்ததா?

முதன்முதலில் அது என் மேல் விழுந்தது கம்பெனியில் ஆள் எடுக்கிற அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிராப் அவுட்டா?" என்றார். அம்மா ஷிப்டு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். தமிழில் அப்படித்தான் சொல்கிறோம், நின்னுட்டேன் என்று. நான் பாட்டுக்கு நின்றேன். நின்றவளை விழுந்தவள் என்று எழுதிக்கொண்டால் எப்படி? இதை அன்றைக்கு அந்த மேடத்திடம் கேட்டிருக்க வேண்டும். "ஆமா மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஹவுஸ்கீப்பிங்கில் போட்டார்கள். பிறகு லைனில் ஆள் போதாத ஒரு மழைக்காலத்தில், கை சுத்தமாக இருக்கிறது என்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

உள்ளே போனால் அந்த வார்த்தைக்கு எத்தனை வேலை! புதிதாக வருகிறவளிடம் "எந்த ஊரு" என்று யாரும் கேட்பதில்லை, "உனக்கு டிராப் எங்க?" என்றுதான் கேட்பார்கள். கம்பெனி பஸ் எந்த இடத்தில் இறக்கிவிடுகிறதோ அதுதான் ஊர். எனக்கு டிராப் பிள்ளைப்பாக்கம். சொல்லாமல் லீவு போட்டால் பேரை டிராப் பண்ணுவார்கள். காலை மீட்டிங்கில் புரொடக்‌ஷன் டிராப் என்று திட்டு விழும். எனக்குப் பேசி, பூ வைத்து, பிறகு பேச்சே இல்லாமல் போன முதல் இடத்தைப் பற்றி அம்மா தெருவில் சொன்னதும் அதுவேதான்: "அவங்க டிராப் பண்ணிட்டாங்க." தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆனால் லைனில் அதற்கு இருந்த அர்த்தம் வேறு. அது சத்தம் போட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை.

நாங்கள் செய்தது வண்டிக்குள் போகிற சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. கை தவறி ஒன்று கீழே விழுந்தால் குனிந்து எடுக்கக்கூடாது. தொடவே கூடாது. வலது கையை உயரத் தூக்கி "டிராப்!" என்று கத்த வேண்டும். மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற மாதிரி. அதைக் கேட்டதும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருப்பவர்கள் கை வேலையை அப்படியே நிறுத்த வேண்டும். லீடர் வந்து எடுப்பார், சிவப்புப் பெட்டியில் போடுவார், பிறகு "ஓடட்டும்" என்பார். லைன் ஓடும். அதுவரை தூக்கிய கையை இறக்கக்கூடாது.

விழுந்த போர்டில் கீறல்கூட இருக்காது. ஆனாலும் சிவப்புப் பெட்டிதான். உள்ளே எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கலாம், இன்றைக்குத் தெரியாது, என்றைக்கோ ஓடுகிற வண்டியில் தெரியும் என்று டிரெய்னிங்கில் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள் போனது எதுவும் திரும்ப லைனுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது. நான் பயந்தாங்கொள்ளி. சும்மா சொல்லவில்லை. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடியிருக்கிறேன், மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்த பிறகும், பார்த்தது நிஜம்தானா என்று பயந்திருக்கிறேன். தம்பி போன் எடுக்கவில்லை என்றால் மனதுக்குள் ஆம்புலன்சே வந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கு, விழுந்ததை என்ன செய்வது என்று வேறு யாரோ முடிவு செய்து வைத்திருந்தது பெரிய நிம்மதி. கையைத் தூக்கினால் போதும்.

என் வீட்டுக்காரர் அப்போது எனக்கு எதிர் மேசை. டிராப் வாலாஜாபாத். லைனில் ஆண் பிள்ளைகளை எல்லோரையும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவோம், அவரையும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்த மறுநாள் லைனில் ஒரே கூத்து.

"இன்னாடி, அண்ணன கட்டிக்கப் போறியாமே?"

"நேத்து வரைக்கும் அண்ணா. இன்னிலேர்ந்து ஏங்க. வாயில டேப்பு ஒட்டினு வாடி!"

இதில் பெரிய சத்தம் எங்கள் லீடர் அக்காவுடையது. அவர் லீடரான கதை யாருக்கும் தெரியாது, ஆனால் குரலுக்காகத்தான் ஆக்கினார்கள் என்று சொல்வோம்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் முன்னால் நின்று பேசினார். அப்பாவின் தங்கை, அதாவது அவருடைய அத்தை, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். படிப்பு ஏன் நின்றது என்று கேட்டார். முதல் இடம் ஏன் போயிற்று என்று கேட்டார். அம்மா எதையும் மறைக்கவில்லை. "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லமா, பொண்ணு நல்லாகீது" என்று சொல்லித்தான் பூ வைத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

பூ வைத்த நாளிலிருந்து கல்யாண நாள் வரை நான் பயப்படாத விஷயம் இல்லை. மழை வந்தால்? கரண்ட் போய் ஜெனரேட்டரும் நின்றுவிட்டால்? சாம்பாரில் பல்லி விழுந்தால்? எங்கள் ஆட்கள் வருகிற பஸ் ஒரகடம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டால்? முதல் இடத்துக்காரர்கள் மாதிரி இவர்களும் போன் எடுக்காமல் போய்விட்டால்? இரண்டாவது முறையும் நின்றுபோனால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். அவளுக்கு ராசி இல்லை என்பார்கள். மூன்றாவதாக ஒருவன் வர மாட்டான், வந்தாலும் அம்மா தலை நிமிர்ந்து பேச முடியாது. இந்தப் பயம்தான் மற்ற எல்லாப் பயத்துக்கும் அடியில் கிடந்தது.

வாலாஜாபாத்தில் மண்டபம். மழை இல்லை. கரண்ட் இருந்தது. பஸ்கூட நேரத்துக்கு வந்தது. எங்கள் ஷிப்டே ஒரு பக்கத்து நாற்காலிகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நைட் முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் தூங்கி வழிந்துகொண்டு. தேங்காய் மேல் வைத்த தாலி தட்டில் சபை முழுக்கச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கிவந்தது. ஐயர் அதை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நாதஸ்வரம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

அப்போதுதான் போட்டோகிராபர் குறுக்கே வந்தான்.

"சார் சார், ஒரு நிமிஷம். தாலிய இப்டி தூக்கிப் புடிங்க. பொண்ண பாருங்க. இன்னும் கொஞ்சம் மேல. சிரிங்க சார்!"

அவர் தூக்கிப் பிடித்தார். சிரித்தார். ஓமத்தில் நெய் விட்ட விரல், மஞ்சளில் ஊறிய கயிறு. வழுக்கியது. பொட்டுத் தாலி என் மாலை மேல் பட்டு, ஓமக் குண்டத்துச் செங்கல் விளிம்பில் 'டங்' என்று மோதி, விரித்திருந்த சிவப்புத் துணியில் விழுந்தது.

யாராக இருந்தாலும் குனிந்து எடுத்திருப்பார்கள். பார்த்தவர்கள் நாலு பேர், மேளச் சத்தத்தில் மற்றவர்களுக்குத் தெரியாமலே முடிந்திருக்கும். கெட்ட சத்தம் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள்.

என் மாப்பிள்ளை வலது கையை உயரத் தூக்கி, "டிராப்!" என்று கத்தினார்.

மெஷின் சத்தத்தைத் தாண்டக் கற்ற தொண்டை அது. மேளத்தைத் தாண்டுவதா கஷ்டம்? கடைசி வரிசையில் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் அட்சதையைப் போட்டுவிட்டார்கள். மறு பாதி, எங்கள் ஷிப்டு மொத்தமும், அட்சதை வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டது. ஒரு மணி அரிசிகூட அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சை எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல் நிறுத்தினார்.

அதோடு விட்டதா? மூன்றாவது வரிசையிலிருந்து எங்கள் லீடர் அக்கா பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மணவறை ஏறி வந்தார்.

"இன்னா டிராப்பு? எது?"

மாப்பிள்ளையின் அத்தை, தாலி முடிச்சுப் போட விளக்கோடு பின்னால் நின்றவர், முகத்தைச் சுளித்தார். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் இல்லை, மூன்றாவது முடிச்சு அத்தைதான் போடுவதாக இருந்தது.

"நீ யாருமா?"

"நான் லீடர்."

"எந்தக் கட்சிக்கு?"

லீடர் அக்கா கீழே பார்த்தார். தாலியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் ஷிப்டிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது. ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"விழுந்தா கழுவிக் கட்டலாம்" என்றார் ஐயர். "நேரம் இருக்கு. கொஞ்சம் பால் கொண்டு வாங்கோ."

"பால்ல கழுவினா போயிடுமா சாமி?" அத்தை விளக்கைக் கீழே வைத்துவிட்டார். "விழுந்தது ஒரு பக்கம். இவன் கைய இல்ல தூக்கிட்டான்? எனக்கு வேணாம்னு ஊர் முன்னாடி கையத் தூக்கிட்டானே! அந்தத் தாலிய எப்டி கட்டுறது?"

"அத்த, அது கம்பெனி பழக்கம் அத்த..." என்றார் அவர். கை இன்னும் மேலேயே இருந்தது.

"மொதல்ல கையப் பாரு! பேசிக்கினே கீறான், கைய எறக்கறானா பாரு!"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபம்கூட இல்லை அவரிடம், மீட்டிங் முடிக்கிற தொனி. "மனசுல ஒரு கொற வந்த பிறகு செய்ய வேணாம். எல்லாரும் சாப்ட்டுப் போங்க. இன்னிக்கி டிராப் பண்ணிடலாம். அப்புறமா ஒரு நாள் பாத்துக்கலாம்."

அப்புறமா ஒரு நாள். முதல் இடத்துக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அம்மா மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செக்யூரிட்டி வேலை பார்க்கிற அப்பா, கம்பெனி கேட்டில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார், உள்ளே விடவும் முடியாமல் வெளியே போகச் சொல்லவும் முடியாமல். எனக்குக் காது அடைத்தது. பயப்படும்போது எனக்கு எப்போதும் வருகிற எல்லாமும் வந்தது.

ஒன்று மட்டும் வித்தியாசம். இத்தனை நாள் பயந்தது எதிரில் வந்து நின்றதும், அது எனக்குப் பழகிய முகமாக இருந்தது. அத்தை முகத்தைப் பார்த்தேன். கோபம் மாதிரி இருந்தது, ஆனால் கோபம் இல்லை. கேஸ் மூடினேனா என்று திரும்பி ஓடுகிற முகம். பெரியப்பாவுக்கும் அதேதான். அந்தச் சிவப்புப் பெட்டியும் அப்படி வந்ததுதானே. உள்ளே விரிசல் இருக்குமோ, இருக்குமோ என்ற பயம்தான் பெட்டியாகி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. போர்டுக்கு அது சரி, வண்டியில் உயிர் போகிறது. எனக்கு எதற்கு? பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் நான்தான் லீடர்.

குனிந்தேன். மணப்பெண் குனிவது சுலபம் இல்லை. ஜடை பின்னால் இழுத்தது, மாலை முன்னால் இழுத்தது. போட்டோகிராபர் அதையும் எடுத்தான். இன்றைக்கும் ஆல்பத்தில் இருக்கிறது, நான் ஏதோ தொலைத்தவள் மாதிரி.

தாலியை எடுத்தேன். பழக்க தோஷம், போர்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு இடம் நசுங்கியிருந்தது.

"அடி பட்டிருக்குது" என்றேன். "ஒடையல."

தாலியை அத்தை பக்கம் நீட்டினேன்.

"அத்த, நான் ஒன்பதாவதுல நின்னவ. ஏற்கெனவே ஒரு எடம் பூ வெச்சிட்டு என்ன வேணாம்னு போச்சு. உங்களுக்குத் தெரியாதா? எங்க வூட்டுக் கூடத்துல உக்காந்து காபி குடிச்சிக்கினே எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான பூ வெச்சீங்க? விழுந்தது ஆகாதுன்னா அன்னிக்கே என்ன வேணாம்னு சொல்லியிருக்கணும். இப்ப தாலிமேல பழி போடாதீங்க."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். கை இன்னும் மேலே.

"மொதல்ல கைய எறக்குங்க. இங்க லீடர் வந்து எடுத்துப் போட மாட்டாங்க. கட்டணுமா வேணாமா, நீங்க சொல்லுங்க. வேணாம்னா உங்க வாயால சொல்லுங்க, நான் எறங்கிப் போறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பெரியப்பாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். கையை இறக்கினார்.

"கட்டணும்" என்றார். பிறகு, கேட்காதவர்களுக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ, டிராப் சொன்ன அதே தொண்டையில் இன்னொரு தரம்: "கட்டணும்!"

என் கையிலிருந்து தாலியை வாங்கினார். நெய் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். போட்டோகிராபர் ஏதோ சொல்ல வாய் எடுத்தான், லீடர் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார், அவன் கேமராவைத் தாழ்த்தினான். அக்கா மேளக்காரர் பக்கம் கையை வீசினார்.

"இன்னா பாத்துக்கினு கீறீங்க? ஓடட்டும்!"

மேளம் கொட்டியது. எங்கள் ஷிப்டு அதுவரை பிடித்து வைத்திருந்த அரிசி மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அத்தை விளக்கை எடுக்கவில்லை. மூன்றாவது முடிச்சையும் மாப்பிள்ளையே போட்டார். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டார்.

இதோடு எல்லோரும் மனம் மாறிக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று எழுத மாட்டேன். அத்தை பந்தியில் உட்காராமல் போனார். பெரியப்பா சாப்பிட்டார், பேசவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த எந்தக் கஷ்டத்துக்கும் காரணம் தேட வேண்டிய அவசியம் அந்தக் குடும்பத்துக்கு இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது, அன்னிக்கே டிராப் ஆச்சே. கான்ட்ராக்ட் ஆட்கள் லிஸ்டிலிருந்து பேர் போயிற்று, அன்னிக்கே டிராப் ஆச்சே. குழந்தை பிறக்க நாளானது, சொல்லவே வேண்டாம். மகள் பிறந்து மூன்று கிலோ இருந்தாள், அதற்கு மட்டும் அந்த டிராப்பைக் காரணம் சொன்னவர் யாரும் இல்லை.

நசுங்கிய இடத்தை ஆசாரியிடம் கொடுத்துத் தட்டி நேராக்கிக்கொள்ளச் சொல்லி மாமியார் பல தடவை சொல்லிவிட்டார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். நான் கொடுக்கவில்லை. அது எப்படி ஆனது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுகிறேன். கேஸ் மூடித்தான் இருக்கிறது.

சமீபத்தில் அத்தையின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அத்தையே வந்தார். குங்குமம் கொடுத்தார், தட்டை நீட்டினார், கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"இந்தா பாரு. எல்லாரும் வாங்க. ஆனா உன் வூட்டுக்காரன கொஞ்சம் பின்னாடி உக்கார வெச்சிக்கோ. முகூர்த்த நேரத்துல வாயத் தொறக்கப் போறான்."

பாதி விளையாட்டு, பாதி நிஜம். இவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் உட்கார அவருக்குச் சம்மதம். அவர் அப்படித்தான்.

"முன்னாடிதான் அத்த உக்காருவோம்" என்றேன். "மாப்பிள்ளைக்குக் கை வழுக்கினா எடுத்துக் குடுக்க ஆள் வேணாமா?"

அத்தை என்னை முறைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். தெருவில் போய்த் திரும்பி, "வாய் இன்னும் அப்படியேதான் கீது உனக்கு" என்றார்.

முதல் வரிசையில் உட்கார்ந்தோம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்ததும் அத்தை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய வலது கையைப் பிடித்து வெளியே இழுத்து, அதில் அட்சதையை வைத்தேன்.